வடியாத நீர்

உலகத்துப் பொருள்கள் செவ்வனே இயங்குங்காறும் அவற்றின் அருமை நமக்குப் புலப்படுவதில்லை. அவை நின்றுவிட்ட பின்னரே அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று குனிந்து பார்க்கின்றோம். எம் இல்லத்துச் சலவைப் பொறி சென்ற கோடையில் எமக்குப் புகட்டிய பாடம் இத்தகையது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வார்க்குப் பொறியோடு என்ன உறவு என நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுப்பார்களாக.

எம் ஊர் திண்டுக்கல். எந்தையார் பூட்டுத் தொழிலாளி. 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் பட்டறையில் வரும் கூலி குடும்பத்துக்கு அளவாகவே இருந்து வருகின்றது. எம்மோடு அப்பத்தாவும் வாழ்கின்றார், அகவை 82. இளமையில் குடகனாற்றங்கரைக் கல்லில் துணி துவைத்துக் காய்த்த கைகள் அவருடையவை. 1767ஆம் ஆண்டிலேயே செருமானிய நாட்டு ரேகன்ஸ்பர்க் நகரத்துப் போதகர் ஷேஃபர் என்பார் சலவைப் பொறியொன்றனைக் குறித்து நூல் எழுதி வெளியிட்டனர் என்று படித்திருக்கின்றோம். அப்போதகரின் எண்ணம் எம் அப்பத்தாவின் கைகளை வந்தடைய ஏறத்தாழ 250 ஆண்டுகள் சென்றன. வந்தடைந்த காலத்திலோ அவர் துவைக்கும் நிலையில் இல்லை. ஈராண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் படுக்கையே அவர்க்கு உலகமாயிற்று. இரவில் படுக்கை நனையும். வைகறையில் அன்னையார் அவர்தம் புடவையையும் விரிப்பையும் மாற்றிப் பொறியில் இடுவார். ஆதலின் வாஷிங் மெஷின் எம் இல்லத்தில் ஆடம்பரப் பொருளன்று. ஒரு மூதாட்டியின் மானத்தைக் காக்கும் பொருளாகும். தவணை முறையில் அதனை வாங்கியதும் அதன் பொருட்டே.

அந்நாள்களில் அப்பத்தா ஒரு குறை கூறிவந்தார். சனிக்கிழமை மாலைதோறும் தலையணைக்கீழ் உள்ள சுருக்குப்பையினின்றும் ஐந்து ரூபாய்க் காசொன்றை எடுத்து, மறுநாள் கோவிற் காணிக்கைக்கென்று முந்தானையில் முடிந்து வைப்பாராம். ஞாயிறு காலையில் அது காணாமற்போமாம். “முடிந்து வைத்த காசைக் காணோம், ஐயா. நாலு வாரமாய் இப்படித்தான். என் புடவையை மாற்றுகிறது ஒரே ஆள்தானே?” என்று அவர் எம்மிடம் மெல்லக் கூறியது அடுக்களைக்கும் கேட்டுவிட்டது. அன்னையார் முகம் கருத்தது. அன்று முதல் அவர் அப்பத்தாவுக்குச் செய்யவேண்டிய பணிகளை ஒன்றும் குறைத்தாரல்லர். ஆனாற் பேச்சை நிறுத்திக்கொண்டார். யாமோ, “அப்பத்தா, நீங்கள் கோவிலுக்குப் போயே ஈராண்டாயிற்று. காசு முடிந்ததாகக் கனவு கண்டிருப்பீர்கள்” என்று விடை கூறினோம். அவர் எம்மைச் சிறிது நேரம் நோக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்நோக்கம் எம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

இந்நிலையில்தான் ஒரு காலை பொறி இடைவழியில் நின்றது. வட்டக் கதவின் கண்ணாடிக்கு அப்பால் அழுக்கு நீர் தேங்கி நிற்க, விரிப்புகள் அதில் மிதந்தன. கதவும் திறக்கவில்லை. இலக்கண நெறியாற் கூறின் பொறி வினையெச்சமாய் நின்றது, வினைமுற்றுக் காணோம். அன்னையார் மறுநாள் முதல் துணிகளைக் கையால் துவைக்கலாயினர். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் சோப்பு நுரையாது. மூன்றாம் நாள் அவர் விரல்கள் வெடித்திருந்தன.

பழுது பார்ப்பார் ஒருவரை அழைத்தோம். அவர் பொறியை ஒருமுறை இயக்கிக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, “பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும், 3,500 ரூபாய் ஆகும்” என்றனர். அவர் வஞ்சித்தார் என்று யாம் கூறவில்லை. குனிந்து பார்க்க அவருக்கு நேரமில்லை என்பதே எம் கருத்து.

மாலையில் எந்தையார் வந்து அனைத்தும் கேட்டார். “பூட்டுத் திறக்கவில்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் பூட்டுக் கெட்டது என்றுதான் சொல்வார்கள். சாவித் துளையில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்” என்றார். அச்சொல்லைத் துணையாகக் கொண்டு யாமே முயன்றோம்.

முதற்கண் மின்னிணைப்பைப் பிடுங்கினோம். பின்புறத்து வடிகுழாய் மடங்கி நசுங்கியிருக்கின்றதோ என்று பார்த்தோம், இல்லை. பொறியின் முன்புறம் அடிப்பகுதியின் ஓரத்தில் சிறு மூடியொன்று உண்டு. அதனைத் திறந்தால் திருகுபிடி ஒன்றும், அதனருகே விரற்பருமனுள்ள சிறு குழாயொன்றும் தோன்றும். திருகுபிடியே வடிகட்டியின் தலை. அதனை எடுத்த எடுப்பில் திருகுவோமாயின் உள்ளிருக்கும் நீர் முழுதும் தரையிற் பெருகும்; வெந்நீரில் துவைத்த வேளையாயின் கையும் வெந்துபோம். ஆகவே சிறுகுழாயின் அடைப்பைக் கழற்றி, தாழ்ந்த தட்டொன்றில் நீரைப் பிடித்துப் பிடித்துக் கொட்டினோம். ஒரு வாளிக்கு மேல் நீர் இறங்கிற்று. பின்னர்த் திருகுபிடியை இடப்புறமாக மெல்லத் திருகி இழுத்தோம். நூலும் மயிரும், சோப்பும் உப்புநீர்ச் சுண்ணமும் கலந்து களிபோல் இறுகிய பொருளொன்று அதனோடு வந்தது.

அக்களிக்குள் நான்கு ஐந்து ரூபாய்க் காசுகள் இருந்தன.

யாம் தரையிலேயே அமர்ந்துவிட்டோம். சனிக்கிழமை முடிந்த முடிச்சு, ஞாயிறு விடியற்காலையில் நனைந்த புடவையோடு பொறிக்குள் சென்றிருக்கின்றது. அங்குப் புரளும்பொழுது அவிழ்ந்து, கதவைச் சூழ்ந்த ரப்பர் வளையத்துக்கும் உருளைக்கும் இடையே காசு நழுவிக் கீழிறங்கியிருக்கின்றது. நான்கு வாரம், நான்கு காசு. அப்பத்தா கனவு காணவில்லை. அன்னையாரும் எடுக்கவில்லை. கனவென்று தீர்ப்பளித்த எம் அறிவே பிழைத்தது.

வடிகட்டி இருந்த குழியில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தோம். பம்பின் சிறு சுழலியை விரலால் தள்ள, அது விட்டுவிட்டுச் சுழன்றது. உள்ளே காந்தம் இருப்பதால் அவ்வாறு சுழல்வது இயல்பு, குறையன்று. மேலும், நீரை வெளியேற்ற வேண்டிய வேளையில் பம்பு முனகுமாயின் அதற்கு உயிருண்டு, ஏதோ தடுக்கிறது என்று கொள்ளலாம். முற்றும் ஊமையாயிருப்பினே பம்பையோ மின்கம்பியையோ ஐயுறல் வேண்டும். எம் பொறி முனகிக்கொண்டுதான் இருந்தது. வடிகட்டியைக் கழுவி, அழுந்தத் திருகி, பொறியை இயக்கினோம். நீர் சலசலவென்று வடிந்தது. அவ்வொலி அன்று எமக்கு இசையினும் இனிதாயிருந்தது.

காசுகளைக் கழுவி அப்பத்தாவின் உள்ளங்கையில் வைத்தோம். அவர் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணி, “நாலு” என்றார். வேறொன்றும் கூறவில்லை. வாயிலில் நின்ற அன்னையாரை நோக்கிக் கை நீட்டினார். அன்னையார் வந்து கட்டிலின் ஓரத்தில் அமர, வெடித்த விரல்களைக் காய்த்த கை பற்றிக்கொண்டது. யாம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தோம், சொல் எழவில்லை. மறுநாட் காலையிலேதான் கேட்டோம். “போ ஐயா, கோவிலுக்கு நேரமாகிறது” என்று காசுகளை எம்மிடமே கொடுத்தார்.

இப்பொழுது ஞாயிறுதோறும் புடவையைப் பொறியிலிடுமுன் அன்னையார் முந்தானையைத் தடவி முடிச்சை அவிழ்க்கின்றார். காசைக் கோவிலுக்குக் கொண்டு செல்வது எம் பணி. திங்களுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவதும் எம் பணியே. அன்புடைய தோழர்களே, நும் இல்லத்துப் பொறியும் ஒருநாள் நீர் வடியாது நிற்குமாயின், அது கெட்டதென்று கூறுமுன் கீழ்மூடியைத் திறந்து பாருங்கள். வீட்டிலுள்ள முதியோர் ஒன்று கூறின், அவர்தம் நினைவு கெட்டதென்று கூறுமுன்னும் அவ்வாறே செய்யுங்கள்.