சதுர அடி 2,666 ரூபாய்

ரொம்ப நாளாவே இதை எழுதணும்னு நினைச்சுட்டு இருந்தேன். படம் வரையற ஆளு எழுத உக்காந்தா கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கங்க.

எனக்கு ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலை தெரியும், இது எங்கேன்னு கேக்கறவங்களுக்கு, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்னு சொன்னா உடனே புரியும். 1989-ல் வட ஆற்காட்டைப் பிரிச்சு தனி மாவட்டம் ஆக்கறதுக்கு முன்னாடி இங்கே ஏரியும் மல்லாட்டைக் கொல்லையும்தான் கண்ணுக்குத் தெரியும். (வேர்க்கடலையை நாங்க மல்லாட்டைன்னுதான் சொல்வோம். சிரிக்காதீங்க.) வானம் பார்த்த பூமி. ஆடியில் விதைச்சா ஐப்பசி வரைக்கும் மேலேயே பாத்துக்கிட்டு இருக்கணும். தென்மேற்குப் பக்கம் மட்டும் மலை. மத்த பக்கமெல்லாம் செம்மண்ணும் வானமும் ஒரு கோட்டுல போய்ச் சேரும். நான் முதல்ல பாத்த ஓவியம் அந்தக் கோடுதான்னு இப்ப தோணுது.

1992-ல் சென்னை பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர்ங்கற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. அங்கே போனப்புறம்தான் ஒரு சேதி தெரிஞ்சுது. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் அங்கே முதல்வரா இருந்த ஏ.பி.சந்தானராஜ் எங்க ஊர்க்காரர்! 1932-ல் திருவண்ணாமலையில் பிறந்தவர். சீனியர்கள் அவரோட கோட்டைப் பத்திப் பேசினா பேசிக்கிட்டே இருப்பாங்க. எனக்கு ஒரே பெருமை. லீவுல ஊருக்கு வந்து பெருமையா சொன்னா, "யாரு, போர்டு எழுதறவரா?"ன்னு கேட்டாங்க. 2009-ல் அவர் மறைஞ்சப்பவும் எங்க தெரு டீக்கடையில் யாருக்கும் தெரியல. அன்னிக்குக் கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. அவருக்கே இப்படின்னா நமக்கெல்லாம்?

படிச்சு முடிச்சு சென்னையிலேயே இருந்தேன். சினிமா பேனர் வேலை கொஞ்ச நாள். கட்டம் போட்டு ஹீரோ மூக்கைப் பெருசாக்கறதில் நான் கெட்டி. ஃப்ளெக்ஸ் வந்தது, அந்தத் தொழில் இருந்த இடம் தெரியாம போச்சு. அப்புறம் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை. நடுவுல ரெண்டு மூணு குரூப் ஷோ. ஒரு கேலரியில் பாதிக்குப் பாதி கமிஷன். மீதிப் பாதியில் சட்டத்துக்கும் கேன்வாஸுக்கும் போக கையில் நின்னது ஆட்டோ காசு. 2016-ல் அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி, தனியா விட முடியாதுன்னு மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்கே வந்துட்டேன்.

வந்த வாரமே ஒரு காமெடி. போன்ல நண்பன்கிட்ட "ஒரு ஈஸல் வாங்கணும்டா"ன்னு சொல்லிட்டு இருந்தேன். கேன்வாஸ் நிறுத்தற ஸ்டாண்டு. அடுப்படியிலிருந்து அம்மா: "ஈசலை எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? ஒரு மழை பெய்யட்டும், வெளக்கு வெச்சா தானா வந்து வுழும். வறுத்துத் தரேன்." கடைசியில் அந்த ஸ்டாண்டை நானே சவுக்கு கொம்புல கட்டிக்கிட்டேன். அம்மா அதுக்கு வெச்ச பேரு இன்னிக்கும் 'ஈசப்பலகை'.

சரி, வியாபாரத்துக்கு வருவோம்.

2018-ல் ஊரிலேயே ஒரு ஹாலை மூணு நாளைக்கு வாடகைக்கு எடுத்து 26 படம் மாட்டினேன். கூட்டத்துக்குக் குறைவில்ல, நோட்டுல 200 பேருக்கு மேல கையெழுத்து. எல்லாரும் கேட்டது ரெண்டே கேள்வி. "அண்ணாமலையார் படம் இருக்குதா?" "போட்டோவைக் குடுத்தா அப்படியே வரைஞ்சு குடுப்பீங்களா?" வித்தது ஒண்ணே ஒண்ணு, மலை மேல தீபம். வாங்கினவர் கிரகப்பிரவேசத்துக்கு மொய்யா குடுக்கப் போறேன்னார்.

முதல்ல கோவமா வந்துச்சு. அப்புறம் சோழமண்டலம் ஞாபகம் வந்தது. 1966-ல் கே.சி.எஸ்.பணிக்கரும் அவரோட மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் ஓவியர் கிராமம் அமைச்சாங்களே, அந்த நிலம் வாங்கின காசு பெயிண்டிங் வித்து வந்ததில்ல. பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்துச் சேர்த்தது. நவீன ஓவியத்துக்கு மெட்ராஸில் அப்ப ஏது மார்க்கெட்? கைவேலை சோறு போடட்டும், ஓவியத்தை யாருக்காகவும் வளைக்க வேணாம்ங்கறதுதான் அவங்க கணக்கு. ஆதிமூலம்கூட எத்தனை புத்தக அட்டை, எத்தனை பத்திரிகைத் தலைப்பெழுத்து! அதெல்லாம் செஞ்சதால காந்தி வரிசைக் கோட்டோவியங்களோட மதிப்பு குறைஞ்சா போச்சு?

அதனால நானும் இறங்கிட்டேன். இறந்துபோன அப்பாக்களை ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து பெருசா வரையறேன். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடுங்க சார், உயிரோட இருக்கும்போது சிரிச்சதே இல்ல"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. போட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் யானை, ராக்கெட், வாய்ப்பாடு. சதுர அடி 60 ரூபாய், பெயிண்ட் நம்மளுது. டிசம்பர், ஜனவரியில் ரமணாசிரமத்துக்கு வெளிநாட்டு ஆட்கள் நிறைய வருவாங்க. அந்த ரெண்டு மாசம் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன கடையைப் பிடிச்சு, அட்டை சைஸ் மலை வாட்டர்கலர் 800 ரூபாய்க்கு விக்கறேன். ஒரே மலையை எத்தனை தடவை வரைவேன்னு கேக்காதீங்க. கிரிவலம் 14 கிலோமீட்டர், அடிக்கொரு தரம் மலை வேற மாதிரி தெரியும். அது போதும் எனக்கு.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்களுக்கு 60 சென்ட் நிலம் இருந்தது. போர் போட்டும் தண்ணி வரல. அப்பா ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி கல்யாணம், ரெண்டும் சேர்ந்து 2007-ல் வித்தோம். சென்ட் 12,000. இப்ப அங்கே கலர் கலரா கல் நட்டு மனை போட்டு, பாதிக்கு மேல வீடே வந்தாச்சு. பத்திரம் பதியறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மண் அள்ளிட்டு வந்தேன். எதுக்குன்னு அப்ப தெரியாது. சென்னையில் வாடகை வீடு மாறும்போதெல்லாம் அந்த பாட்டிலும் கூடவே வந்துச்சு.

2019-ல் அதைத் திறந்தேன். மண்ணைத் தண்ணியில் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் தங்கின நைஸ் வண்டலைக் காய வெச்சு, ஆளிவிதை எண்ணெயில் அரைச்சா காவி ரெடி. இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. கீழ்வாலைப் பாறையில் ஆதி மனுசன் செங்காவியில்தான் வரைஞ்சிருக்கான். செங்கம் வேணுகோபாலர் கோயில் விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயணம் இருக்கு, போய்ப் பாருங்க, அங்கேயும் அந்தச் சிவப்பு. எங்க கொல்லை மண்ணு டியூபில் வர்ற பர்ன்ட் சியன்னாவைவிட ஒரு பங்கு மஞ்சள் தூக்கல். மூணுக்கு அஞ்சு அடி கேன்வாஸ். கீழே முழுக்க அந்த மண், மேலே ஆனி மாச வெளுத்த வானம், நடுவுல ஒரு கோடு, ஓரத்தில் கெணறு. அவ்வளவுதான் படம்.

நாலு வருசம் யாரும் சீண்டல. "ஒண்ணுமே இல்லியே சார் இதுல"ன்னு ஒருத்தர். நியாயம்தான்!

2024 ஜனவரியில் ஒரு கனடாக்காரர் கடைக்கு வந்தார். அறுபது வயசு இருக்கும். மலைப் படங்களைப் புரட்டிட்டு, பின்னாடி சாத்தி வெச்சிருந்த இதைப் பாத்தவர் அப்படியே நின்னுட்டார். சஸ்காட்செவன் மாகாணத்தில் கோதுமை விவசாயக் குடும்பமாம். பிரெய்ரின்னு அவங்க சொல்ற சமவெளி, மரமில்லாம வானம் வரைக்கும் ஓடற நிலம். அவங்க அப்பா கடன்ல வித்த பண்ணையும் இப்படித்தான் இருக்கும்னார். என் மண்ணு கதையை நான் இன்னும் சொல்லவே இல்ல அவர்கிட்ட. விலை கேட்டார். வாய் தவறி 40,000 சொன்னேன். பேரம் பேசல.

எனக்கோ குடுக்க மனசில்ல, ஆனா காசு வேணும். பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் அந்த மாசமே கட்டியாகணும். நாளைக்குச் சொல்றேன்னு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காம சொன்னாங்க:

"நெலத்தை விக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, நீயும் உங்கப்பனும்? படத்தை விக்கறதுக்கு மட்டும் எதுக்குடா கேக்கற?"

எனக்குப் பேச்சே வரல. நிஜம்தான், கேக்கல. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார், நான் பேப்பரில் காட்டின இடத்தில் அம்மா கைநாட்டு வெச்சாங்க. அவ்வளவுதான் அன்னிக்கு நடந்தது. பதினாறு வருசமா அதை மனசுல வெச்சிருந்திருக்காங்க. அந்தக் கொல்லையில் எங்க எல்லாரையும்விட அதிகம் குனிஞ்சு நிமிர்ந்தது அவங்கதான்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே, "குடுத்துடு. புள்ளை படிக்கட்டும். ஆனா கெணறு அந்தப் பக்கம் இல்லடா, வேப்பமரத்தை ஒட்டி இந்தப் பக்கம்"னாங்க.

நாலு வருசமா சுவரில் சாத்தி இருந்த படம்! அம்மா ஒருநாளும் வாயே திறக்கல.

மறுநாள் கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழட்டி, பெயிண்ட் பக்கம் வெளியே இருக்கிற மாதிரி சுருட்டி (உள்பக்கமா சுருட்டினா விரிக்கும்போது வெடிப்பு விடும்), 8 இன்ச் பி.வி.சி. பைப்பில் போட்டு மூடி அடைச்சேன். பைப் எங்கேயிருந்து? தண்ணி வராத எங்க போருக்கு வாங்கி மிச்சமானது. இத்தனை வருசம் மாட்டுக்கொட்டாய் கூரையில் சும்மா கிடந்துச்சு.

மாமா வந்து கணக்குப் போட்டார். "பதினஞ்சு சதுர அடிக்கு நாப்பதாயிரம்னா, அடி 2,666 ரூபாய்! மலை உயரமே 2,668 அடிதான்டா! நெலத்தை நாம அடி 28 ரூபாய்க்குக்கூட விக்கலியே!" அம்மா சிரிச்சுட்டாங்க. நானும்தான்.

2024-லேயே திருவண்ணாமலை மாநகராட்சி ஆச்சு. எங்க கொல்லை இருந்த இடத்தில் இப்ப தெருவிளக்கு. நான் இன்னும் யானையும் ராக்கெட்டும் வரைஞ்சுட்டுத்தான் இருக்கேன். பெருசா ஓவியன்னு பேர் வாங்கிட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா "ஒண்ணுமே இல்ல"ன்னு எங்க ஊர்ல தள்ளின படத்தைத் தன் வீடுன்னு நினைச்சு ஒருத்தர் எடுத்துட்டுப் போனார், அது போதும்.

பாட்டில் அடியில் ரெண்டு ஸ்பூன் மண் மிச்சம் இருக்கு. ஒரு போஸ்ட் கார்டு சைஸுக்கு வரும். அம்மாவைப் பக்கத்தில் உக்கார வெச்சு, கேட்டுக் கேட்டு வரைஞ்சுட்டு இருக்கேன். இந்தத் தடவை கெணறு வேப்பமரத்தை ஒட்டி.

பி.கு: அந்தச் சின்னப் படம் விற்பனைக்கு இல்லை. :-)