ஓய்வு நேரம் கண்டெடுத்த சூரியன்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதை விடுமுறைக் காலத்தில் நமக்கு முதலில் கற்றுத்தரும் பாடம் பொறுமையே. சொந்த வாகனத்தில் வருவோர் இ-பாஸ் பெற வேண்டும் என்பது உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த ஏற்பாடு. அரசுப் பேருந்தில் வருவோருக்கு அந்த அலைச்சல் இல்லை. ஆயினும் வளைவுகளில் எதிர்ப்படும் வாகன வரிசை யாரையும் விட்டுவைப்பதில்லை. வாழைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் கீழே இறங்கிப்போக, பெருமாள்மலை அருகில் குளிர்காற்று சன்னல் வழியே நுழைகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சியையும் செண்பகனூரையும் கடந்தால் ஊர் வந்துவிடுகிறது. அங்கே 1863-ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் அமைத்த ஏரி நம்மை வரவேற்கிறது.

ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அந்தப் பாதையில் நடப்போரின் முகங்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பிள்ளைகள் சுட்ட சோளத்தையும் வேகவைத்த நிலக்கடலையையும் சுவைத்துத் துள்ளுகின்றனர். தந்தையரோ பலவேளை மௌனமாயிருக்கின்றனர். ஞாயிறு மாலை நெருங்க நெருங்க அந்த மௌனம் கனக்கிறது. நாளை மறுபடியும் அதே நாற்காலி, அதே கோப்பு, அதே இயந்திரம், அதே மேலதிகாரி! மனத்துக்கு ஒவ்வாத வேலையில் ஆண்டுக்கணக்காகச் சிக்கியிருப்போர் நம் பங்குகளில் எத்தனை பேர்! குடும்பத்தைத் தாங்கும் வேலையாதலால் விடவும் இயலாது. நெஞ்சு நிறைவு காணாததால் விரும்பவும் இயலாது. அந்தக் கசப்பு வீட்டுக்குள் வந்து, மனைவியின் மீது சீற்றமாகவும் பிள்ளைகளிடம் பாராமுகமாகவும் வெளிப்படுகிறது. சிலரை மதுக்கடை வாசலுக்கும் இட்டுச் செல்கிறது. ஆதலால் இதைச் சிறிய துன்பம் என்று ஒதுக்கிவிடலாகாது.

இத்தகையோர் ஏரிக்கரையில் நின்றுவிடாமல், இன்னும் சற்று மேலேறி ஓரிடத்தைக் காண வேண்டும் என்பது நம் விருப்பம். கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் சூரிய ஆய்வுக்கூடமே அது. 1792-இல் சென்னையில் நிறுவப்பட்ட பழைய வானாய்வுக்கூடத்தின் வழித்தோன்றலாக 1899-இல் இங்கு உருவாயிற்று. 1876 தொடங்கிய கொடும் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டோ என்று அறிஞர் ஆராயத் தொடங்கியதும் இது எழுவதற்கு ஒரு காரணம். இன்று இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இந்தக் குன்றோடு என்றும் இணைந்திருக்கும் பெயர் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயருடையது. 1864-இல் பிறந்த அவர் இளமையில் வானியலைத் தொழிலாகப் பெறவில்லை. இலண்டனில் ஒரு நிறுவனத்தில் எண்ணெய் முதலிய பொருள்களைப் பகுத்தாய்வதே அவருடைய பிழைப்பு. நெஞ்சம் நாடியதோ சூரியனை! அவர் தம் வீட்டருகிலேயே, கென்லி என்னும் ஊரில், சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்.

இதில் உள்ள சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். விண்மீன்களை விரும்புகிறவருக்கு இரவு முழுதும் உண்டு. சூரியனை விரும்புகிறவர் பகலெல்லாம் வேலைக்கூடத்தில் அடைபட்டிருந்தால் என் செய்வார்? விடுமுறை நாளும், கோடைக் காலத்து அதிகாலையும் மாலையுமே எஞ்சும். அவற்றையும் இங்கிலாந்தின் மேகங்கள் பாதி பறித்துக்கொள்ளும். 1896-இல் முழுச் சூரிய கிரகணம் காண நார்வே நாட்டின் வட கோடிக்குப் பயணமானார். கிரகண வேளையில் வானம் மூடிக்கொண்டது! ஆனால் அதே பயணத்தில்தான் மேரி ஓர் என்னும் பெண்மணியைச் சந்தித்தார். 1906-இல் அவரையே மணந்தார். 1898-இல் மற்றொரு கிரகணத்துக்காக நம் நாட்டின் தால்னி என்னும் சிற்றூருக்கு வந்தபோது வானம் தெளிந்திருந்தது. அரிய ஒளிப்படங்கள் கிடைத்தன. ஏமாற்றமும் இன்பமும் அவருடைய ஓய்வு நேரத்தில் ஒன்றையொன்று தொடர்ந்தே வந்தன.

வில்லியம் ஹக்கின்ஸ் என்னும் மூத்த வானியலறிஞரின் பரிந்துரையால் கொடைக்கானல் பதவி அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. 1907 சனவரியில் துணைவியாருடன் இங்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் மோட்டார் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரம் அடைந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, சுமப்போர் தூக்கிய நாற்காலியிலோதான் ஏற வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1909 சனவரியில், அவர் பெயரை நிலைநாட்டிய உண்மை வெளிப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் சுழன்றோடும் என்று அறிஞர் பலர் எண்ணியிருந்த காலம் அது. அவர் எடுத்த நிறமாலைகளோ, புள்ளியின் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் காட்டின. உலகெங்கும் அதை எவர்ஷெட் விளைவு என்றே இன்றும் அழைக்கின்றனர். 1911-இல் இயக்குநராகி 1923-இல் ஓய்வு பெற்றார்.

மேரி அம்மையாரின் கதையும் நம் இல்லத்தரசிகள் அறியத் தக்கது. அவருக்கு இங்கே பதவி ஏதும் இல்லை. கணவரின் ஆய்வுகளில் துணைநின்றதோடு, இத்தாலியக் கவி தாந்தேயின் பாடல்களில் வரும் வானியற் செய்திகளைத் தாமாகவே ஆராய்ந்து, 1914-இல் ஒரு நூலாக வெளியிட்டார். கொடைக்கானல் வீட்டின் அமைதியில் கிடைத்த நேரம் வீண்போகவில்லை.

செண்பகனூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில், கற்பிக்கும் கடமைகளுக்கிடையே செடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் தேடிச் சேகரித்த சேசு சபைக் குருக்களின் உழைப்பே அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அந்தச் சபையைச் சேர்ந்த தந்தை கே. எம். மத்தேயு, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட பெருநூலை 1999-இல் வெளியிட்டார்.

இவற்றைக் கேட்டு, ஓய்வு நேரத்து ஆர்வம் ஒருநாள் பெரும் பதவியாய்க் கனியும் என்று யாரும் கணக்கிட வேண்டாம். எவர்ஷெட்டுக்கு வாய்த்த நண்பர்களும் வசதியும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவர் ஏறிய அதே பாதையில் நாற்காலி சுமந்தோருக்கு ஓய்வு நேரம் என்று எவ்வளவு இருந்திருக்கும்? உழைப்பவர் எவருக்கும் தமக்கென ஒரு வேளை வேண்டும் என்பது சலுகையன்று, நீதி. நம்மிடம் வேலை செய்வோருக்கும் அதை மறுக்காதிருப்போமாக!

மற்றொன்றையும் இக்குன்று கூறுகிறது. 1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் இங்கே சூரியனை ஒளிப்படம் எடுத்து வருகின்றனர். எவர்ஷெட்டுக்குக் கனவாய் இருந்த இடமே, தகடு கழுவிக் குறிப்பெழுதிய ஊழியருக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடமாய் இருந்திருக்கலாம். அந்தச் சலிப்பான உழைப்பால் சேர்ந்த நூறாண்டுப் படங்களைத்தான் இன்றைய விஞ்ஞானிகள் கணினியில் பதிவு செய்து பயன்படுத்துகின்றனர். நமக்குச் சுவையற்றதாய்த் தோன்றும் வேலை யாருக்கும் பயனற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆகவே அன்பர்களே, வேலை தராத நிறைவை வேலையிடமே கேட்டுக் கேட்டு மனம் கசந்து போகாதீர்கள். ஊதியத்துக்கு உரிய உழைப்பை நேர்மையாகக் கொடுத்தபின், நாளில் ஒரு மணியேனும் உங்கள் நெஞ்சம் நாடுவதற்கு ஒதுக்குங்கள். தோட்டமோ, ஆர்மோனியமோ, பழைய கணித நூலோ, பிள்ளைகளோடு விண்மீன் பார்ப்பதோ, எதுவாயினும் சரி. வீட்டார் அதைப் பொழுதுபோக்கு என்று எள்ளாதிருக்கட்டும். கணவருக்கு ஒரு மணி நேரம் என்றால், மனைவிக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். அந்நேரம் அடுப்படியைக் கணவர் பார்த்துக்கொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. அந்த ஒரு மணி நேரம் உலகுக்குப் புதியதொன்றைக் காட்டாமற் போகலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் மனிதரை அது மாற்றிவிடும். அவர் மாலையில் திரும்பும்போது வாசலுக்கு ஓடிவரும் பிள்ளைகள் அதை முதலில் அறிவார்கள்.