இன்னும் குடுக்காத காசு

இறத்தோட்டைப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்காகத்தான் அந்தச் செலவுக் கணக்குச் செயலியை எழுதினேன் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தேன். உண்மையில் வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்ப்பதற்காகவே எழுதினேன். அம்மா சோதனைக்கு அகப்பட்டவர், அவ்வளவுதான்.

நிரல் எழுதுவது சிரமமாக இல்லை. காசைத் தசம எண்ணாகச் சேமிக்கக் கூடாது என்பது தெரியும், கணினி 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.30000000000000004 என்று காட்டும். அதனால் எல்லாமே சதக் கணக்கில், முழு எண்ணாக. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயான அடிப்படை நாட்சம்பளம் என் செயலிக்குள் 135000. பதிவுகள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், போனுக்குள்ளேயே. லயத்துக்கு மேலே மேட்டில் ஏறினால்தான் சிக்னல். இந்தியாவில் வால்நட் போன்ற செயலிகள் வங்கிக் குறுஞ்செய்திகளை வாசித்துத் தாமே கணக்கு எழுதின. நாங்கள் சாமான் எடுக்கும் கடையில் ஓடுவது கடன் கொப்பி. அதற்குக் குறுஞ்செய்தி வராது.

முதல் நாளே அம்மா அரிசிக்கு எதிரே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "எடுத்தது இன்னைக்கு. காசு குடுக்கிறது சம்பளத்துக்கு. இன்னும் குடுக்காத காச எப்புடிப்பா செலவுன்னு போட்றது?"

உயர்தரத்தில் வணிகம் படித்தவர்கள் காசு அடிப்படை, அட்டுறு அடிப்படை என்று இதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். என் செயலியில் இருந்ததோ ஒரே ஒரு திகதிப் பெட்டி. வாங்கிய அன்றும் கொடுத்த அன்றும் பதிந்தால் ஒரே அரிசி இரண்டு தடவை செலவாகிவிடும். கடைசியில், பொருள் எடுத்தால் செலவும் கடைக்கடனும் கூடும், காசு கொடுத்தால் கடனும் கையிருப்பும் குறையும், செலவு கூடாது என்று மாற்றினேன். 1494இல் லூக்கா பாச்சியோலி அச்சேற்றிய இரட்டைப் பதிவுதான் இது. அதை லயத்துக் காம்பிராவில் இருந்துகொண்டு என்னிடம் கேட்டு வாங்கியவர் அம்மா.

தீபாவளி அட்வான்ஸும் அப்படியே. நான் அதை வரவில் போட்டிருந்தேன். "அது வரவா? மாசாமாசம் வெட்டுவாங்களே" என்றார். சம்பளத் துண்டை விரித்தோம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், கூடவே அட்வான்ஸுக்கும் மற்றவைக்கும் வெட்டியது எல்லாம் போகக் கைக்கு வருவது வேறு தொகை. ஒரு நாளில் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால் அதுவும் மாறும்.

எனக்குப் பிடித்தமான வட்ட வரைபடத்தில்தான் வில்லங்கம் வந்தது. அதில் பெரிய துண்டு 'இதர' என்று நின்றது. என்னவென்று கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் விடாமல் திரும்பவும் கேட்டேன். அப்பாவும் அங்கே இருந்தார், அவரும் அதே போனில்தான் செய்தி பார்ப்பார். சீட்டுப் பணம் என்று பிறகு தெரிந்தது.

கடவுச்சொல் வைக்கலாமா என்று யோசித்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்றால், பூட்டைப் பார்த்த உடனே பூட்டியது ஏன் என்ற கேள்வி வரும். வரைபடத்தையே எடுத்துவிட்டேன். 'இதர'வுக்குக் குறிப்பு எழுதும் இடத்தையும் எடுத்தேன்.

நேர்முகத் தேர்வில் வரைபடம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். நேரம் போதவில்லை என்றேன்.