தையல்காரர் கேட்ட தீர்ப்பு

இந்திய தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்து வழக்கு. கோயில் திருவிழா இரவில் ஏற்பட்ட தகராறில், பந்தல் கம்பால் விழுந்த அடி கடைத்தெருத் தையல்காரர் ஒருவரின் வலது மணிக்கட்டை முறித்துவிட்டது. பிரிவு 325, கொடுங்காயம். 7 ஆண்டு வரை சிறை. அடித்தவன் கல்லூரி முடித்த இளைஞன், வசதியான வீட்டுப் பிள்ளை. முன்வழக்கு ஏதும் இல்லை. நான் அவனுக்காக ஆஜரானேன்.

"ஒரு வருஷமாவது உள்ள போட்டாத்தான் புத்தி வரும்" என்றது ஊர். பையனின் உறவினர்களோ பெரிய மனிதர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, அடித்தது யாரென்று தெரியவில்லை எனக் கூண்டில் சொல்லிவிட வேண்டுமாம். சமரசம் என்ற பெயரில் பல வழக்குகளில் நடப்பது இதுதான். சாட்சி பிறழ்வார், எதிரி விடுதலையாவார், நடந்தது என்ன என்பது பதிவேட்டில் இருக்காது. தையல்காரர் மறுத்து அனுப்பிவிட்டார்.

அரசு வழக்கறிஞரிடம் அவர் கேட்டது வேறு. "குடிச்சிட்டு விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க சார். அந்தத் தம்பி ஜட்ஜ் முன்னாடி நடந்தத நடந்தபடி சொல்லணும். தீபாவளித் துணி பூரா ஆள் வச்சு வெட்டுனேன். அந்தக் கூலியும் ஆஸ்பத்திரிச் செலவும் வரணும்." சிறையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இதைப் பையனிடமும் அவன் தந்தையிடமும் சொன்னேன். விடுதலைக்கு வழி இருக்கிறதா என்றுதான் தந்தை திரும்பத் திரும்பக் கேட்டார். நெடுநேரம் பேசாமல் இருந்த பையன், "ஒத்துக்கறேன் சார்" என்றான்.

நீதித்துறை நடுவர் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கம்பை எடுத்தது தானே என்றும், விழுந்த கதை வீட்டில் கட்டியது என்றும் சொன்னான். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வந்தது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4-இன்படி பிணைமுறி எழுதி வாங்கி, அலுவலரின் மேற்பார்வையில் விடுவித்தார் நடுவர். பிரிவு 5-இன்படி தையல்காரருக்கு இழப்பீடும் கொடுக்க உத்தரவிட்டார்.

"காசு இருக்கறவனுக்கு ஜெயில் கிடையாது" என்றது கடைத்தெரு. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த மாநிலம் இது. 2015-இல் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி ஒருவர் சமரசம் பேச ஏதுவாகச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தபோது நாடே கொதித்தது. அத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மக்களின் கொதிப்பு அன்று சரியாகவே இருந்தது. எளியவரை மிரட்டி வாங்கும் சம்மதத்தை நீதி என்று எவரும் ஏற்கக் கூடாது.

ஆனால் இந்த வழக்கில் மிரட்டியது நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த பேச்சு. உள்ளே நடந்ததில் பொய் உடைந்தது, நட்டம் ஈடானது, எல்லாம் திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. ஓராண்டுச் சிறை இதில் எதையும் தையல்காரருக்குத் தந்திருக்காது. வழக்கமான விசாரணையில் அவர் அரசுத் தரப்புச் சாட்சி மட்டுமே. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். எனினும் அடிபட்டவரிடம் என்ன வேண்டும் என்று அதுவும் கேட்கவில்லை.

சிறையா, மன்னிப்பா என்று மக்களிடம் கேட்டால் சிறை என்றுதான் சொல்வார்கள். குற்றம் செய்தவன் உண்மையைச் சொன்னானா, நட்டத்தை ஈடு செய்தானா, பாதிக்கப்பட்டவர் பயமில்லாமல் சம்மதித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வரும் வழக்கில் சிறையைத் தவிர்ப்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையாகாது. பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய நீதி அது.