உயிர் என்ற ஒரு சொல்

சட்டம் வகுத்த நடைமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு. 1950இல், சென்னை மாநிலச் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன் வழக்கில், முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தாலே போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1978இல், மேனகா காந்தி வழக்கில், அந்நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது.

செங்கல்பட்டில் நாங்கள் இதை விவாதித்தபோது, பொருளை விரித்தால் நீதிபதிகளே சட்டம் இயற்றுவோராகிவிடுவர் என்றனர் ஒரு சாரார். “உயிரென்றால் மூச்சு மட்டுமா? கடலின்றி நாங்கள் பிழைப்பதெப்படி?” என்றனர் மாமல்லபுரம் கடலோரத் தோழியர். 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் உயிருரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆயினும் குடிசைகளை அகற்றுவதைத் தடுக்கவில்லை. விரிந்த பொருள் குடிசை வாசல்வரை வந்து சேர வேண்டும் என்பதே எங்கள் முடிவு.