காட்டில் பிழைக்கும் பயிற்சிக்கு இவ்வளவு ஃபீஸா? குரங்கணி மலைப்பாதை சொல்லும் கணக்கு!

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். டவுனைத் தாண்டியதும் மாந்தோப்புகள், இலவம்பஞ்சு மரங்கள், கூடவே ஓடிவரும் கொட்டகுடி ஆறு என்று சாலை மெல்ல மலைக்குள் நுழைகிறது. தேனி மாவட்டத்தின் வெயில் இங்கே கொஞ்சம் இறங்கிவிடும். சாலை முடியும் இடத்தில் ஊர் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தமிழ்நாடு–கேரளா எல்லை மலைகள் சுவர்போல நிற்கின்றன. ஒருபக்கம் டாப் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் கொழுக்குமலை.

வார இறுதியில் மலையேறப் பிடிக்கும் இளைஞர்களின் போனில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. ‘காட்டில் பிழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு நாள், ஒரு இரவு. தீ மூட்டுதல், குடில் கட்டுதல், கத்தியைக் கையாளுதல். சான்றிதழ் உண்டு!’ கட்டணத்தைப் பார்த்தால் ஒரு குடும்பமே ஊட்டிக்குப் போய் வந்துவிடலாம். அமெரிக்காவில் இதையே ஒரு மாதப் பயிற்சியாக நடத்துகிறார்கள். அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும்.

அவ்வளவு கொடுக்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்க தமிழ்நாட்டில் குரங்கணியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தேயிலை இறங்கிய பாதை

குரங்கணி மலைப்பாதை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதல்ல. நூறு வருடங்களுக்கு முன்பு மூணாறு தேயிலை வெளியுலகைப் பார்க்க இந்த வழியாகத்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ‘குண்டளை வேலி ரயில்வே’ ஓடியது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-ல் குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. மிஞ்சியது பெயர்கள் மட்டும்தான். மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற கிராமம்.

ரயில் போனாலும் மனிதர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. முதுவாக்குடியில் வாழும் முதுவர் பழங்குடியினர், சென்ட்ரல் ஸ்டேஷன்காரர்கள், எஸ்டேட் தொழிலாளர்கள் என்று பலருக்கு இது அன்றாடப் பாதை. ரேஷன் அரிசியும் காபிக்கொட்டையும் ஏறி இறங்கும் வழி. நமக்கு ‘அட்வென்ச்சர்’. அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் ரோடு.

2018, மார்ச் 11

அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேனி மாவட்டம் மறக்காது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு – திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. பெரும்பாலும் இளைஞர்கள், அதில் நிறைய பெண்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, ஒத்தமரம் அருகே காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. ஆள் உயரக் காய்ந்த புல், பலமான காற்று, செங்குத்தான சரிவு. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிலர் அன்றே, சிலர் தீக்காயத்தோடு மருத்துவமனையில் போராடி.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. முதலில் ஏறிப்போனவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். போர்வையிலும் டோலியிலும் வைத்து, இருட்டில், கல்லும் முள்ளுமான சரிவில் காயம்பட்டவர்களைச் சுமந்து இறங்கினார்கள்.

ஒரு பயிற்சி வகுப்பு அந்த உயிர்களைக் காப்பாற்றியிருக்குமா? ‘நிச்சயமாக’ என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் காட்டுத்தீ பற்றி ஒரு நல்ல பயிற்சியில் சொல்லித்தரும் விஷயங்களைக் கேட்டால், அவை ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்பது புரியும்.

தீ சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினரின் பொதுவான கணக்கு. சுவாலை மேல்பக்கத்துப் புல்லை முன்கூட்டியே சுட்டு, காயவைத்துவிடுகிறது. அதனால் தீக்கு மேலே, அதே சரிவில் ஏறி ஓடுவதுதான் ஆபத்தான முடிவு. பக்கவாட்டில் விலகுவது, வெறும் பாறைப் பகுதிக்குப் போவது, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே ஒதுங்குவது ஆகியவையே வழிகள். பாலியஸ்டர், நைலான் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி பரவாயில்லை.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் புகை கண்ணை மறைக்கும்போது, கூட இருப்பவர்கள் கத்தும்போது இது நினைவுக்கு வர வேண்டுமே! பயிற்சிக்குக் கொடுக்கும் பணம் அந்தப் பழக்கத்துக்குத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குக் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகத்தான் அனுமதி தரப்பட்டிருந்தது, கொழுக்குமலைப் பாதைக்கு அல்ல என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். கோடை தொடங்கும் நேரத்தில், காய்ந்த புல்வெளியில், அனுமதி இல்லாத பாதையில் ஒரு குழுவை அழைத்துப் போகலாமா என்ற முடிவு காலடி எடுத்துவைப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. காட்டில் பிழைக்கும் வித்தையில் முக்கியமான பாடம் ‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்லத் தெரிவதுதான். விளம்பரங்களில் இந்தப் பாடத்தைப் பார்க்கவே முடியாது.

கற்ற வித்தை, செய்தால் வழக்கு!

விளம்பரத்தில் வரும் பாடங்களை நம் காட்டில் வைத்துப் பார்ப்போம். கட்டையை உரசித் தீ மூட்டுவது, கிளைகளை வெட்டிக் குடில் கட்டுவது, சுருக்கு வைத்து முயல் பிடிப்பது ஆகியவை வெளிநாட்டு டி.வி நிகழ்ச்சிகளில் இருந்து வந்த பட்டியல்.

தமிழ்நாட்டுக் காப்புக்காட்டில் தீ மூட்டினால் குற்றம். மரத்தை வெட்டினால் குற்றம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமும், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கின்றன. முயலுக்குச் சுருக்கு வைத்தால் வேட்டை வழக்கு. ஆக, பல ஆயிரம் கொடுத்துக் கற்ற வித்தையை நம் மலையில் செய்துபார்த்தால், அடுத்த ஸ்டாப் வனச்சரகர் அலுவலகம்தான்.

அதனால்தான் பல பயிற்சிகள் தனியார் தோட்டத்திலோ ரிசார்ட்டிலோ நடக்கின்றன. அதில் தப்பில்லை. நண்பர்களோடு ஒரு வார இறுதி, கேம்ப் ஃபயர், நல்ல சாப்பாடு, போட்டோக்கள் எல்லாம் கிடைக்கும். சுற்றுலா என்று நினைத்துக் கொடுத்தால் பணம் வீணில்லை. உயிர் காக்கும் கல்வி என்று நினைத்துக் கொடுத்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, இரண்டு நாள் பயிற்சிக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, தூக்கம், பயணம் போக உண்மையான வகுப்பு 10 மணி நேரம். 20 பேருக்கு ஒரே பயிற்சியாளர். ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் கவனம் அரை மணி நேரம்! அதே கட்டணத்தில் ஆறு பேருக்கு ஒருவர் என்றால் கதையே வேறு. கட்டணத்தைவிட இந்த விகிதத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எதற்குக் கொடுக்கலாம்?

நம் மலைகளில் ஆட்களை வீழ்த்துவது பசியோ புலியோ அல்ல. வழுக்கி விழுந்து கால் முறிவது, வெயிலில் நீர்ச்சத்து குறைவது, திடீரெனப் பெருகும் காட்டாறு, மின்னல், தேனீ, பாம்பு, எதிரே வரும் யானை. இதில் பலவற்றுக்கு மருந்து முதலுதவிதான். ஆம்புலன்ஸ் வராத இடத்தில் செய்யும் முதலுதவிக்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி 16 மணி நேரம், அதாவது இரண்டு நாள். குழுவை வழிநடத்துபவர்களுக்கான பயிற்சி 70, 80 மணி நேரம் வரை போகும். இந்தியாவிலும் நடக்கிறது, மலிவில்லை. ஆனால் கற்றது மலையோடு முடிவதில்லை. வீட்டில் அப்பா மயங்கி விழுந்தாலும், ஹைவேயில் பைக் சறுக்கினாலும் அதே பயிற்சி உதவும். எனக்குத் தெரிந்து, கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் பயிற்சி இதுதான்.

மலையேற்றத்தில் தீவிரமாக இறங்க நினைப்பவர்களுக்கு அரசு சார்ந்த நிறுவனங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனத்தில் டென்சிங் நார்கேயே களப்பயிற்சி இயக்குநராக இருந்தார். உத்தரகாசியில் 1965-ல் நேரு மலையேற்ற நிறுவனம் வந்தது. இங்கெல்லாம் அடிப்படைப் பயிற்சியே 28 நாள். கயிறு, பாறை, பனி, முதலுதவி, கூடாரம் என்று உடம்பு மறக்காத அளவுக்குச் செய்யவைப்பார்கள். கட்டணம் மானியத்தோடு இருப்பதால், நாள் கணக்கில் பார்த்தால் தனியார் வார இறுதிப் பயிற்சிகளைவிட மிகக் குறைவு. இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஒரு மாத லீவும் வேண்டும். அதுதான் இதன் நிஜமான விலை.

ஆனால், எந்தச் சான்றிதழும் கவசம் ஆகாது. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி நிறுவனத்தின் குழு ஒன்று ‘திரௌபதி கா தண்டா’ சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட், மகாலு என்று இரண்டு சிகரங்களையும் 16 நாள்களுக்குள் தொட்டவர் அவர். பயிற்சி ஆபத்தைக் குறைக்கும். இல்லாமல் ஆக்காது.

சான்றிதழ் இல்லாத நிபுணர்கள்

2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணம், சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க ஆள் தேடியது. போனது யார் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும்தான். அவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்குமாகச் சேர்த்து, அந்த மாகாணம் 68,888 டாலர் செலவு செய்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் சிக்கின. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் விஷத்தில்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. காட்டில் பாம்பு கடித்தால் உயிர் காப்பது அந்த மருந்துதான். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், நேரே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் நாம் கற்க வேண்டியது. மீதி வித்தை இருளர்களிடம் இருக்கிறது.

காட்டை வாசிக்கும் அறிவுக்கு விலை உண்டு என்பதை ஃப்ளோரிடா புரிந்துகொண்டது. நாம் மட்டும் சான்றிதழ் அச்சடிப்பவருக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, உடன்வரும் உள்ளூர் வழிகாட்டியிடம் 200 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். யானைச் சாணம் எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது, எந்த ஓடையில் மழைக்குப் பிறகு இறங்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தப் பயிற்சியாக இருந்தாலும் அந்த மண்ணின் ஆள் ஒருவர் கற்றுத்தருகிறாரா, அவருக்கு நியாயமான சம்பளம் போகிறதா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்?
* பயிற்சியாளர் முதலுதவிச் சான்றிதழை எப்போது புதுப்பித்தார்?
* இடம் யாருடையது? வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா?
* அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம், எந்த வண்டி?
* வானிலை மோசமானால் ரத்து செய்வார்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பணம் திரும்பாது என்றால், மழையிலும் உங்களை அழைத்துப் போகத்தான் பார்ப்பார்கள்.

குரங்கணிக்குப் போக…

2018 விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழித்தடங்களைத் திறந்தது. குரங்கணி – சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். கட்டணம் வழித்தடத்தைப் பொறுத்தது. காட்டுத்தீ காலத்தில் பாதைகள் மூடப்படும். முதன்முறை காட்டுக்குள் போகிறவர்களுக்கு எந்த வகுப்பையும்விட இதுவே நல்ல ஆரம்பம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் இருக்கிறது. மதுரை – போடி பாதை அகலப்படுத்தப்பட்டு, 2023 ஜூன் முதல் போடி வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து குரங்கணிக்கு பஸ், ஜீப் உண்டு. திரும்பும்போது போடியில் ஏலக்காய் வாங்கிக்கொள்ளலாம். ஊரின் அடையாளமே அதுதான்.

கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எந்தப் பாதை, யார் யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உலகத்தின் எல்லா மலையேற்றப் பள்ளிகளும் இதைத்தான் முதலில் சொல்லித்தருகின்றன. இதற்கு ஒரு பைசா ஃபீஸ் கிடையாது.