இப்ப வரும் பாரு

ராக் பாட்டு கேட்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்கள். ‘இரு இரு, இப்ப வரும் பாரு.’ வருவது என்னவோ இரண்டு நொடி சமாசாரம்தான். டிரம்ஸில் ஒரு உருட்டல், தொண்டை கிழிய ஒரு அலறல், கிடார் ஒரு சுரத்தைப் பிடித்து வளைத்து விடுவது. அதற்காக நான்கு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். உட்கார்ந்தவனுக்குப் புல்லரிக்கும். அவசரப்பட்டு ஓட்டிக் கேட்டவனுக்கு அரிக்காது.

இந்தப் பழக்கம் எனக்கு ஓசூரில் தொற்றியது. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் யாருக்கும் ஓசூர் சொந்த ஊர் கிடையாது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று கம்பெனிகள் வர வர, திருவண்ணாமலையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கோலாரிலிருந்தும் ஆட்கள் வந்து ரூம் எடுத்துத் தங்கினார்கள். எங்கள் ரூமில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். டூல் ரூமில் வேலை பார்த்த மாலூர்க்கார நண்பன் ஒருவன்தான் பெங்களூரிலிருந்து கேசட்டுகளைக் கொண்டுவருவான். ‘குரு, ஈக பருத்தே நோடு’ (இப்ப வரும் பாரு) என்று அவன் விரலை உயர்த்தினால், சமைத்துக்கொண்டிருப்பவன் கரண்டியோடு நிற்பான். பாட்டில் சொல்கிற இங்கிலீஷ் எங்கள் யாருக்கும் முழுசாகப் புரிந்ததில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இல் வந்தார்கள், அயர்ன் மெய்டன் 2007இல், மெட்டாலிகா 2011இல். எல்லாம் பேலஸ் கிரவுண்ட்ஸில். சென்னைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டினால் கிடைத்தார்கள். ராத்திரி திரும்பும் பஸ்ஸில் கருப்பு டி-ஷர்ட்டும் காக்கிச் சட்டையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

பிளாக் சபாத் குழுவின் கிடார்காரர் டோனி ஐயோமியின் கதையை முதலில் சொன்னதும் அந்த டூல் ரூம் நண்பன்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், 1965இல், ஷீட் மெட்டல் கம்பெனி ஒன்றில் பதினேழு வயசுப் பையன். வெல்டிங் அவன் வேலை. அன்று அவனுக்குக் கடைசி நாள். மறுநாளிலிருந்து பாட்டுக்குழுவோடு ஊர் ஊராகப் போகப்போகிறான். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தான். ஒழுங்காக நாளை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தாள். பிரஸ் ஓட்டுகிற ஆள் அன்று வரவில்லை என்பதால் இவனை அதில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத மெஷின். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. இடதுகைக்காரன்; தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

சிப்காட்டில் இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. டீக்கடையில் கிளாஸை நீட்டி வாங்குகிற கையைப் பார்த்தாலே யார் பிரஸ் ஷாப் என்று தெரிந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. இப்போது இரண்டு கைக்கும் இரண்டு பட்டன், லைட் கர்ட்டன் எல்லாம் வந்து கொஞ்சம் தேவலை. சின்னச் சின்ன ஜாப் வொர்க் ஷெட்டுகளில் வந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்துகொண்டான், மேலே தோல் ஒட்டினான். மெல்லிசான தந்தி மாட்டினான். பின்னால் சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்தினான். தளர்ந்த தந்தியின் அந்தக் கனமான உறுமலைத்தான் உலகம் ஹெவி மெட்டல் என்கிறது. 1970இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தில், குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாட்டைக் கேளுங்கள். மழைச் சத்தம். தூரத்தில் சர்ச் மணி. கொஞ்ச நேரம் வேறொன்றும் இல்லை. பிறகு மூன்றே சுரம் விழும். பிரஸ் அருகே நின்றவனுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும். ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும், கிளட்ச் பிடிக்கும், ரேம் இறங்கப்போகும் அந்த அரை நொடியில் காது தானாகக் கூர்மையாகும். அடி விழுந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டும் இதே வட்டாரத்துக்காரர், வால்சால் ஊர். சின்ன வயசில் இரும்புப் பட்டறைகளின் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. ராக் பாட்டில் மயிர் கூச்செறியும் இடம் எங்கே வருகிறது என்றால், மெஷின்போல ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதில் ஒரு மனித உடம்பு குறுக்கே வந்து விழுகிற இடத்தில். எட்டு மணி நேரம் மெஷினின் தாளத்துக்குக் கைகால் அசைத்துவிட்டு வருகிறவனுக்கு அந்த இடம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும் என்றும் நினைக்கிறேன்.

ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை நிமிஷத்துக்கு மேல் தாளம் போடுவது ஒரு டிரம் மெஷின். டக்டக்கென்று உணர்ச்சியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவர் உலகப்புகழ் டிரம்மர். கையைக் கட்டிக்கொண்டு பாடுகிறார். திடீரென்று அந்த உருட்டல். இரண்டு கையும் டிரம்ஸில் விழுகிறது, ஒவ்வொரு அடியும் கதவைச் சாத்தினாற்போல் அறுந்து நிற்கிறது. அந்தச் சத்தம் கிடைத்ததே ஒரு தற்செயல். அதற்கு முன்பு பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்காக லண்டன் ஸ்டுடியோவில் காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசிப்பவர்கள் பேசுவதைக் கேட்க மேலே தொங்கவிட்டிருந்த மைக் திறந்திருக்க, அதன் வழியாக டிரம்ஸ் பூதாகரமாகக் கேட்டது. என்ஜினியர் ஹியூ பேட்ஜம் அதைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க ரெக்கார்டு கம்பெனித் தலைவர் அகமத் எர்டெகன் பாட்டைக் கேட்டுவிட்டு, தாளம் எங்கே, ரேடியோவில் கேட்கிறவனுக்குப் புரியாதே என்றாராம். அதனால் தனி ரெக்கார்டாக வந்த வடிவத்தில் முன்பகுதியிலேயே டிரம்ஸ் சேர்த்தார்கள். காத்திருக்க வைக்கிற துணிச்சல் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு வருவதில்லை. ஜனம் கடைசியில் மனசில் வைத்துக்கொண்டது காக்கவைத்த வடிவத்தைத்தான்.

லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) எட்டு நிமிஷம். ஜான் பான்ஹமின் டிரம்ஸ் நான்கு நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வருகிறது. அது வருகிற இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிக்கொண்டே போவது. கூலிக்கு வாசித்த காலத்தில் வேகம் கூடவே கூடாது என்று பழக்கப்பட்டவர் குழுவின் கிடார்காரர் ஜிம்மி பேஜ். இதில் வேண்டுமென்றே அந்த விதியை மீறியதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஸ்டுடியோவில் தாளம் பிசகாமலிருக்கக் காதில் கிளிக் சத்தம் ஓடுகிறது. இப்படி வேகம் ஏறுகிற பாட்டைக் கேட்பதே அபூர்வமாகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்டர்’ (1969) என்பேன். மெர்ரி கிளேட்டன் என்ற கறுப்பினப் பாடகியை லாஸ் ஏஞ்சல்ஸில் நள்ளிரவு வாக்கில் போன் போட்டு எழுப்பி வரவழைத்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. தலையில் சுருட்டை கிளிப்புகளோடு வந்து பாடினார். மேலே மேலே ஏறிக்கொண்டே போகிற குரல் ஓரிடத்தில் விரிசல் விடுகிறது. பின்னால் யாரோ ஆச்சரியத்தில் கூவுவதுகூட ரெக்கார்டிங்கில் கேட்கும். வேறு பாடகராக இருந்தால் ‘இன்னொரு டேக்’ என்றிருப்பார்கள். அதை அப்படியே விட்டுவைத்ததால் அது பாட்டு. வீடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே அவருக்குக் கரு கலைந்துபோனது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இடத்தை ‘இப்ப வரும் பாரு’ என்று குஷியாகச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. ஆனால் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

என் எண்ணத்துக்கு எதிராக ஒரு சாட்சியும் இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் ‘கம்ஃபர்ட்டபிளி நம்’ (1979) பாட்டின் கடைசியில் வரும் கிடார். கேட்டால் ஒரே மூச்சில் நெஞ்சைப் பிய்த்துப் போட்டது மாதிரி இருக்கும். டேவிட் கில்மோர் அதை ஐந்தாறு தடவை வாசித்து, நல்ல நல்ல துண்டுகளாகப் பார்த்துக் குறித்து, வெட்டி ஒட்டினார். மாலூர் நண்பன் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். மைக்ரான் கணக்கில் அரைத்து அரைத்து டை பொருத்துகிறவன் அவன். உணர்ச்சி வேறு உழைப்பு வேறு என்று யார் சொன்னது என்பது அவன் கட்சி. எனக்குப் பதில் இல்லை.

கனடாவில் மான்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் 2011இல் மூளையைப் படம்பிடித்து ஒன்று கண்டார்கள். டோபமைன் என்ற ரசாயனம் சுரப்பது புல்லரிக்கும் நொடியில் மட்டும் இல்லை. அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையின் இன்னொரு பகுதியில் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. இது நம் பக்கத்துப் பம்பைக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களில் சாமி அழைக்கும்போது பம்பையும் உடுக்கையும் ஒரே கதியில் நெடுநேரம் போகும். அடிக்கிறவர் சாமி வரவேண்டிய ஆளின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நடுக்கம் தெரிந்த நொடியில் கதி மாறும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கே உடம்பு சிலிர்க்கும், சாமி நம்பாதவனுக்கும்தான்.

சினிமாப் பாட்டுக்கு அவ்வளவு நேரம் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தபோது நடந்திருக்கிறது. ரஹ்மான் இளவயதில் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்று ராக் குழு வைத்திருந்தவர். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் (2010) அல்போன்ஸ் ஜோசப் பாடிய ‘ஆரோமலே’, தமிழ்ப் படத்தில் ஒரு மலையாளப் பாட்டு, கிடாரோடு மெதுவாக ஆரம்பித்து, போகப் போகக் குரல் கட்டுமீறி உயரும். ரூமில் அந்த வருஷம் அதைக் கேட்காத ராத்திரி கிடையாது. இப்போது இதையெல்லாம் பதினைந்து நொடிக்கு வெட்டி, அந்த இடத்தை மட்டும் ரீல்ஸில் போடுகிறார்கள். ஊறுகாயை மட்டும் தின்கிற மாதிரிதான்.

கடைசியாக, காத்திருந்து கேட்கக் காது மிச்சம் இருக்க வேண்டும் என்பதால், பிரஸ் ஷாப், ஃபோர்ஜிங் ஷாப் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. பல ஷெட்டுகளில் அதற்கு மேல் போகும். இரைச்சலால் காது கெடும்போது முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கும், சிம்பலின் சலசலப்பும் கிடாரின் கூர்மையும் மங்கிவிடும். போன செவித்திறன் திரும்பி வராது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் காது கேளாமையோடும் காதுக்குள் கேட்கும் இரைச்சலோடும் பல வருஷமாக அல்லாடுகிறார். ஸ்டுடியோ ஹெட்போனைத்தான் அவர் குற்றம் சொல்கிறார். கம்பெனியில் கொடுக்கிற இயர் பிளக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு லைனில் நிற்காதீர்கள். காதில் வையுங்கள். ரூமுக்கு வந்து ஹெட்போன் மாட்டினால் வால்யூமைப் பாதியில் நிறுத்துங்கள். கொடுக்காத கம்பெனி என்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.